காணாமல் போகிற சீமெந்து

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் பூசை முடிவதற்குள் நாலு பேராவது என் காலைப் பார்த்துவிடுகிறார்கள். "உள்ளுக்குச் சீமெந்து போட்டிருக்காமே, பாரமாய் இல்லையோ?" என்று கேட்கிறார்கள். மீன் சந்தையில் ஒருவர் குனிந்து, சுவரைத் தட்டிப் பார்ப்பது போல என் கணைக்காலைத் தட்டியே பார்த்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி நாக்குத் தழும்பேறிப் போயிற்று. இனிக் கேட்பவர்கள் இதை வாசித்துக்கொள்ளட்டும்.

நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டவெளியில் அக்காவோடு இருக்கிறேன். கல்யாணம் கட்டவில்லை. அதற்குக் காரணம் கால் இல்லை, வாய்தான் என்று அக்கா எல்லாருக்கும் சொல்லுவாள். அக்காவின் பெயர் பிலோமினா. என்னை இடுப்பில் தூக்கித் திரிந்து வளர்த்தவள். அவளுக்கு ஒரே ஒரு மகன், றெஜி.

போர்க்காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து இலுப்பைக்கடவையில் இருந்தபோது, ஒரு பகல் விழுந்து வெடித்த செல் குண்டின் துண்டு ஒன்று என் இடது கணைக்காலில் ஏறியது. றோட்டில் ஒரு வாகனம் இல்லை. றெஜிக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. ஆனால் ஆள் நல்ல உயரம், எந்த வீட்டு வாசலிலும் குனிந்துதான் நுழைவான். "மாமா, அசையாமல் கிடவுங்கோ, நான் ஒரு வாகனம் கொண்டு வாறன்" என்று சொல்லி என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பின்னேரம் வேறு யாரோ வந்து என்னை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கால் தப்பியது. றெஜி வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சொல் இல்லாமல் போயிற்று. பூட்டின் திறப்பு, கண்ணாடி, கோழி, எது தொலைந்தாலும் 'காணேல்லை' என்று சொல்லக்கூடாது. 'வைச்ச இடம் மறந்துபோச்சு' என்றுதான் சொல்ல வேண்டும். ஆடு பட்டிக்குத் திரும்பாவிட்டால் 'இன்னும் வரேல்லை'. புதிதாக வந்த சுவாமியார் ஒருவர் பூசையில் "காணாமல் போனவர்களுக்காக மன்றாடுவோம்" என்று தொடங்கியதும் அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். புதைகுழிகளில் தோண்டி எடுக்கிற எலும்புகள் யாருடையவை என்று அறியத் தாய்மாரின் ரத்தம் வேண்டும் என்று ஒருமுறை ஆட்களைத் தேடுகிற அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்து கேட்டார்கள். அக்கா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு எலும்பு பாக்கிறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

என் கால் மட்டும் சும்மா இருக்கவில்லை. வருடா வருடம் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பும் காலத்தில் தழும்பின் நடுவே மிளகளவு ஒரு துவாரம் திறக்கும். றெஜி போனதும் அந்தக் காற்றில்தான். துவாரத்தால் கொஞ்சம் நீர் வடியும். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த மணம் வரும். பிறகு தானாக மூடிக்கொள்ளும். அக்கா சுடுதண்ணீரில் துணி நனைத்து அதைத் துடைக்கும்போது கதைப்பாள். என்னோடு அல்ல, காலோடு. "வந்திட்டியோ?" என்பாள்.  பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன்.

போன சோழகத்துக்கு முந்தின சோழகத்தில் திறந்த துவாரம் மூடவில்லை. கால் பந்தமாய் எரிந்தது, காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். அக்கா ஓட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

எலும்பு டொக்டரின் அறைக்கு முன்னால் ஆட்கள் நெருக்கியிருக்கிற நீள வாங்குகள். வெளியே வெயிலில் கழுதைகள் அசையாமல் நின்றன. காற்று மணலைக் கொண்டுவந்து எல்லாருடைய மடியிலும் போட்டது.  பெயர் கூப்பிட்டு உள்ளே போனவர்கள் வேறு வாசலால் வெளியேறுவதால், போனவர் ஒருவரும் திரும்பி வருவதாகத் தெரியவில்லை. அக்கா அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் தெற்கிலிருந்து வந்தவர். தமிழை நிதானமாக, சொல் சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, "ஐயா, எலும்புக்குள்ள ஒரு எலும்பு இருக்கு" என்றார்.

பார்த்தேன். என் கணைக்கால் எலும்பு சாம்பல் நிறத்தில் வீங்கித் தெரிந்தது. அதற்குள் சுண்டுவிரல் அளவில் ஒன்று வெள்ளையாகப் படுத்திருந்தது. செல் துண்டை அந்த நாளிலேயே எடுத்துவிட்டார்கள், ஆனால் அதோடு போன கிருமி எலும்புக்குள் தங்கிவிட்டது. கிருமி பிடித்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று ஒரு துண்டு எலும்பு செத்துப்போயிற்று. செத்ததை வெளியே தள்ள முடியாத உடம்பு, அதைச் சுற்றிப் புது எலும்பு கட்டி உள்ளே வைத்து மூடிவிட்டது. மருந்து ரத்தத்தோடுதான் போகும், செத்த எலும்புக்கு ரத்தம் போகாது. அதனால்தான் எத்தனை குளிசை விழுங்கியும் பலன் இல்லை. படத்தில் உயிருள்ள எலும்பைவிடச் செத்ததுதான் பளிச்சென்று தெரியுமாம்.

"பெட்டி மாதிரி" என்றாள் அக்கா. பிறகு கேட்டாள், "உள்ளுக்கு ஆர்?"

"ஆர் இல்லை அம்மா. என்ன எண்டு கேளுங்க" என்று டொக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

பெட்டியை உடைத்துச் செத்ததை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு எலும்பில் பெரிய குழி இருக்கும். அது நிரம்பினால் கால் தப்பும். நிரம்பாவிட்டால் எலும்பு முறியும், கிருமி திரும்பவும் ஏறும். அப்படியென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் வழி. வயதும் போய்விட்டதால், இப்போதே எடுத்துவிடுவது பற்றியும் யோசிக்கச் சொன்னார்.

 அக்காதான் பேசினாள்.

"காலை எடுக்க நான் விடன். என்ர பிள்ளை இந்தக் காலுக்குத்தான் வாகனம் தேடிப் போனவன். அவன் வந்து, 'மாமான்ர கால் எங்கயம்மா' எண்டு கேட்டால் நான் என்னத்தைக் காட்டுறது?"

டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டு, "அப்ப ஒரு புதுச் சீமெந்து இருக்கு. அதைப் பாப்பம்" என்றார்.

மறுநாள் நான் படுத்திருந்த வாட்டுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் சபீனா. வாப்பாவின் ஊர் முசலி, அவள் படித்ததும் வேலை செய்வதும் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில். அங்கே சிலர் சேர்ந்து எலும்புக்குப் போடுகிற சீமெந்தைச் செய்து பழகுகிறார்களாம். பைக்குள்ளிருந்து வெள்ளை வில்லை ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். தேங்காய்ப்பூப் போல லேசாக இருந்தது. கண்ணுக்கு அருகில் பிடித்தால் அதில் நுணுக்கமான துளைகள் தெரிந்தன.

"சீமெந்து எண்டால் கட்டடத்துக்குப் போடுறதோ?" என்று கேட்டேன்.

"பேர் மட்டும்தான் அங்கிள். எலும்பில என்ன இருக்கோ அதாலதான் இதையும் செய்யிற. கல்சியம், பொஸ்பேற். தூளைத் தண்ணி மருந்தில குழைச்சு வெச்சா உடம்புச் சூட்டிலயே இறுகும். பழைய சீமெந்து பிளாஸ்டிக் மாதிரி, வெச்ச இடத்தில கல்லாக் கிடக்கும். பிறகு அதை எடுக்க இன்னொரு ஒப்பரேசன். இதுக்குள்ள கிருமி கொல்லுற மருந்தும் இருக்கு, மெல்ல மெல்லக் கசியும். இந்தத் துளைக்குள்ளால ரத்த நாளம் நுழையும். உங்கட எலும்பில தின்னுற உயிர்க்கலமும் இருக்கு, கட்டுற கலமும் இருக்கு. ஒரு பக்கம் சீமெந்தைத் தின்னும், மற்றப் பக்கம் எலும்பைக் கட்டும்."

"முடிவில சீமெந்து என்னாகும்?"

"அது காணாமப் போயிரும்" என்றாள் சபீனா. முகம் முழுக்கச் சந்தோசம். "காணாமப் போறதுதான் நல்லது அங்கிள். அதுக்குத்தான் நாங்க இவ்வளவு பாடுபடுற."

அக்கா சுடுதண்ணிப் போத்தலை மூடினாள், பையை எடுத்தாள், போய்விட்டாள். வாட்டின் நீளத்துக்கும் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டது. சபீனா என்னைப் பார்த்தாள். நான் றெஜியைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் வெளிறிப் போயிற்று. வில்லையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

பின்னேரம் அக்கா வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "தம்பி, அந்தப் பெட்டையின்ர சாமான் வேண்டாம். போறதை உள்ளுக்கு வைச்சு என்ன செய்யிறது? கல்லாக் கிடக்கிறதையே வைக்கச் சொல்லு. இருக்கிறது இருக்கட்டும்."

ஒரு சொல்லுக்காக என் கால் போகப்போகிறது என்று எனக்குக் கோபம் வந்தது. சொல்லவும் செய்தேன். "அக்கா, போறது உங்கட கால் இல்லை, என்ர கால்." அவளுக்கு முகம் கோணியது. அவளை அப்படி நோகச் சொன்னது எனக்கும் நொந்தது. இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது சபீனா திரும்பி வந்தாள். அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினாள். "அன்ரி, எனக்கு வேற சொல்லுத் தெரியல. நீங்களே ஒண்டு சொல்லித் தாங்க. எலும்பு வரும்வரைக்கும் அதின்ட இடத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். எலும்பு வந்தா எழும்பி இடம் குடுக்கும். அதுக்கு என்னெண்டு சொல்லுற?"

அக்கா போர்வையின் நுனியை இழுத்து என் காலை மூடினாள். பிறகு, "வழி விடுறது எண்டு சொல்லு" என்றாள்.

"ஓம் அன்ரி. வழி விடும்."

"அப்ப வைக்கட்டும்" என்றாள் அக்கா.

ஒப்பரேசனுக்கு என்னை மயக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்தது. அந்தப் பக்கம் நடப்பது எதுவும் எனக்கு உரியதாகத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், விட்டு விட்டுத் தட்டினார்கள். ஏன் ஒருவரும் போய்த் திறக்கவில்லை என்று யோசித்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் என் பல் அதிர்வதை அதன் பிறகுதான் கவனித்தேன். தட்டுவது என் காலில். வலியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கினேன், பாதியில் சொல் வரவில்லை.

தட்டுவது நின்றது.  அந்த மணம் வந்தது, பழைய கிணற்றின் மணம். உலோகத் தட்டில் ஏதோ 'டிங்' என்று விழுந்தது. பிறகு டொக்டர், "குழையுங்க" என்றார். தூளும் தண்ணீரும் குழைபடுகிற மெல்லிய சத்தம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு குழைக்கிற வீட்டில் பிறந்தவன் நான், அந்தச் சத்தம் கேட்டதும் மனம் கொஞ்சம் அமர்ந்தது.

எடுத்த செத்த எலும்பில் ஒரு பகுதியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைச் சிறு போத்தலில் போட்டுத் தந்தார்கள். அக்காதான் கேட்டு வாங்கினாள். மஞ்சளும் சாம்பலுமாக, ஓரமெல்லாம் அரித்துப்போய் இருந்தது. என் எலும்பு என்று நம்பவே முடியவில்லை. அடுத்த கட்டிலில் படுத்திருந்த பள்ளிமுனை ஆள், "அம்மா, அதைக் கொஞ்சம் அங்கால திருப்பி வையுங்கோ, பாக்கிற மாதிரிக் கிடக்கு" என்று கெஞ்சினார்.

வீட்டுக்கு வந்ததும் போத்தல் அலுமாரிக்கு மேலே ஏறிற்று. சேமக்காலையில் குழி வெட்டித் தாட்டுவிடச் சொல்லி வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மந்திரித்த எலும்பும் வீட்டிலிருக்கலாம், இது கூடாது என்றார் ஒருவர். அக்கா மறுத்துவிட்டாள். "ஆள் உயிரோட இருக்க எலும்பைத் தாட்டால் மண் மிச்சத்தையும் கேட்கும்" என்றாள். என் துண்டு அலுமாரியின் மேலும் நான் கட்டிலின் மேலுமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

ஒரு மத்தியானம் கட்டு நனைந்திருந்தது. அக்கா அவிழ்த்தாள். காயத்தின் நுனியால் வெள்ளையாக வடிந்துகொண்டிருந்தது. சீழ் இல்லை, ரத்தமும் இல்லை. சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி சுத்தமான வெள்ளை. மணமும் இல்லை. ஒரு மனிதனின் காலிலிருந்து அப்படி ஒன்று வடியக்கூடாது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். கால் போய்விட்டது என்றே நான் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போகும்போது அக்கா என் காலை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள்.

டொக்டர் பார்த்துவிட்டு, "பயம் வேண்டாம், சீமெந்து கரையுது. சிலருக்கு இப்படி வரும், நிக்கும்" என்றார். ஆனால் எக்ஸ்ரே எடுத்தபோது அவருடைய முகமும் மாறிற்று. முன்பு வெள்ளையாக அடைத்திருந்த இடத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. சீமெந்து போய்விட்டது, எலும்பு வந்திருக்கவில்லை. என் காலுக்குள் வெறும் பள்ளம்.

"சீமெந்து கொஞ்சம் அவசரப்பட்டுட்டுது. எலும்பு பின்னால வரவேணும். வராட்டில் முதல் சொன்னதைத்தான் செய்ய வேணும்" என்றார். இடது காலை ஊன்றவே கூடாது என்று ஊன்றுகோல் தந்தார்கள். தொலைபேசியில் சபீனாவும் அழுகிற குரலில்தான் பேசினாள். ஆய்வுகூடத்தில் இவ்வளவு கெதியாகக் கரையவில்லையாம்.

அந்தக் காலம்தான் எனக்குக் கொடுமை. இல்லாத ஒன்றின் மேல் தோல் மூடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு படுத்திருப்பதைப் போல வேறு இல்லை. சோழகம் திரும்பவும் எழும்பியது. மத்தியானத்தில் வெளியே மனித நடமாட்டம் இருக்காது, பனை ஓலை மட்டும் உரசும். அக்கா சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, கட்டிலருகே முழங்காலில் நின்று, என் கணைக்காலில் காதை வைப்பாள்.

"என்னக்கா செய்யிறீங்கள்?"

"சும்மா கிட. தின்னுறதும் கட்டுறதும் எண்டு அந்தப் பிள்ளை சொன்னதெல்லோ."

"இப்ப எது கேக்குது? தின்னுறதோ கட்டுறதோ?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "தெரியேல்லை. ஆனால் உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம்."

நான் கேலி செய்ய வாயைத் திறந்தேன், முடியவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் எனக்கும் எலும்பின் அடியில் ஏதோ ஊர்வது போலிருந்தது. ஒரு விசயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. அந்த வருடம் சோழகத்தில் துவாரம் திறக்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. சுடுதண்ணீரும் துணியுமாக வருவாள், மூடியிருந்த தழும்பைப் பார்ப்பாள், "வரேல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து போவாள். என் கால் ஆறுவது அவளுக்கு ஒரு இழப்பு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. 

காற்று அடங்கிய பிறகு மறுபடியும் எக்ஸ்ரே. அன்றைக்குச் சபீனாவும் வந்திருந்தாள். டொக்டர் படத்தை மாட்டினார்.  கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. பள்ளம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில், சிலந்தி வலை போல நுணுக்கமாக, எலும்பு பின்னியிருந்தது.

"ஐயா, இனிக் காலை ஊன்றலாம்" என்றார் டொக்டர். நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமில்லை.

அக்கா படத்துக்குக் கிட்டப் போனாள். விரலால் அந்தச் சாம்பல் நிறத்தைத் தொட்டாள்.

"இது ஆரின்ர எலும்பு பிள்ளை?"

"அங்கிள்ட எலும்புதான் அன்ரி."

"அப்ப நீ வைச்சது எங்க?"

சபீனா என்னைப் பார்த்தாள். டொக்டரைப் பார்த்தாள். "அது... வழி விட்டுட்டுது அன்ரி" என்றாள்.

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காணாமல் போயிட்டுது எண்டு சொல்லு" என்றாள்.

எத்தனையோ வருடமாக எங்கள் வீட்டில் கேட்காத சொல். அவளுடைய வாயிலிருந்து வந்தபோது அது யாரோ வேறு பெண்ணின் குரல் போலிருந்தது. சபீனா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஓட்டோவை அந்த ஆள்தேடும் கந்தோருக்குத் திருப்பச் சொன்னாள் அக்கா. ரத்தம் எடுக்கிறவர்கள் எந்தக் கிழமை வருவார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். 

மறுநாள் காலை அலுமாரிக்கு மேலிருந்து போத்தலை இறக்கினாள். இரண்டு பேரும் சேமக்காலைக்கு நடந்து போனோம். நான் என் இரண்டு காலாலும் நடந்தேன். குழி வெட்டுகிற செபமாலை எங்களுக்கு நல்ல பழக்கம். போத்தலைப் பார்த்துவிட்டு, "என்ன மனேச்சர், தவணை முறையிலயோ வாறியள்?" என்று கேட்டான். "ஓமடாப்பா, மிச்சம் பிறகு வரும்" என்றேன். எங்கள் அப்பு ஆச்சியின் கல்லறைக்குப் பக்கத்தில் முழ ஆழத்தில் ஒரு குழி வெட்டினான். அக்கா போத்தலை வைத்து, மண்ணைக் கையாலேயே தள்ளி மூடினாள்.

பிறகு எழுந்து நின்று, பக்கத்திலிருந்த வெறும் மணலைக் காட்டினாள்.

"இதில ஒரு ஆளுக்கு இடம் விட்டு வை. வேற ஒருத்தரையும் வைக்க விடாதை."

"ஆருக்கம்மா? உங்களுக்கோ?"

"எனக்கில்லை" என்றாள் அக்கா. "கொஞ்சம் நீட்டாய் அளந்து விடு. ஆள் நல்ல உயரம்."